நிற்கும் தாயும் பேசும் தாயும்: மரியாளின் மகிழ்ச்சியும் வியாகுலமும் பற்றிய ஓர் இலக்கிய நோக்கு

சிலுவையருகே யேசுவின் தாய் நின்றாள் என யோவானின் சுவிசேஷம் கூறுகிறது. அவள் அழுதாள் என்று அது கூறவில்லை. 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராக விளங்கிய அம்புரோசியார் இதனைக் கவனித்திருக்கிறார். 392இல் இளம் பேரரசன் இரண்டாம் வலென்தீனியான் இறந்தபொழுது, அவனுடைய சகோதரிகளைத் தேற்றும் பொருட்டு ஆற்றிய இரங்கலுரையில், அத்தாய் நின்றதைத் தாம் வாசித்ததாகவும் அழுததை வாசிக்கவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். பெண்களே, நீங்களும் அவ்வாறே அடங்கி நில்லுங்கள் என்பது அக்குறிப்பின் உட்கிடை. ஆனால் 9 நூற்றாண்டுகள் கழிந்தபின் அதே தாய் ஐரோப்பியச் சமய இலக்கியத்தில் யாவரினும் அதிகமாக அழும் பெண்ணாக மாறியிருப்பதைக் காண்கின்றோம். அக்கண்ணீரை அவளுக்கு வழங்கியோர் யாவர், எந்த மொழியில் வழங்கினர், எவருக்காக வழங்கினர் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

இத்தகைய பொருள்களை மார்க்சிய நோக்கில் அணுகுவோர் பொதுவாக இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்வர். சமய இலக்கியம் அனைத்தும் மக்களை மயக்குவதற்கென ஆளும் வர்க்கம் உற்பத்தி செய்த சரக்கு என்று கூறி நூலைத் திறவாமலே மூடிவிடுவது ஒன்று. நமது சஞ்சிகைகளில் இது போதிய அளவு நடந்தாயிற்று. கண்ணீரைக் கண்டவிடமெல்லாம் புரட்சியைக் காண்பது மற்றையது. இரண்டும் பிரதியை வாசிக்கும் உழைப்பிலிருந்து விமர்சகனை விடுவிக்கின்றன என்பதே அவற்றின் கவர்ச்சி.

முதலிலே மகிழ்ச்சியை நோக்குவோம். மனிதாவதாரம் என்னும் கோட்பாட்டின்படி இறைவன் ஒரு பெண்ணின் வயிற்றில் மனிதனாகிறான். அப்பெண்ணின் மகிழ்ச்சியைப் பாடும் முதல் இலக்கியம் லூக்காவின் முதலாம் அதிகாரத்திலே உள்ளது. கருவுற்ற மரியாள் தன் உறவினளான எலிசபெத்தைக் காணச் சென்று பாடும் பாடல் அது. நாம் எதிர்பார்க்கும் தாய்மைப் பாடலன்று அது. குழந்தையின் அழகு பற்றியோ, மழலை பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. வலியோர் ஆசனங்களிலிருந்து வீழ்த்தப்படுவதும், தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதும், பசித்தோர் நன்மைகளால் நிறைவதும், செல்வர் வெறுங்கையராய் அனுப்பப்படுவதுமே அவளுடைய மகிழ்ச்சிக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ரோமப் பேரரசின் விளிம்பில் வரிப் பளுவின் கீழ் வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் எதிர்பார்ப்பு இதில் ஒலிக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே முதியவரான சிமியோன் அவளுடைய ஆன்மாவை ஒரு வாள் ஊடுருவும் என முன்னறிவிக்கிறார். ஆகவே மகிழ்ச்சியும் துயரமும் லூக்காவிலே தொடக்கத்திலிருந்தே அருகருகே நிற்கின்றன. செபமாலையின் சந்தோஷத் தேவரகசியங்களுள் நான்காவதாகக் குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக்கிய நிகழ்ச்சி இடம்பெறுவதால், அவ்வாளும் சந்தோஷத்தின் எண்ணிக்கையிலேயே சேர்ந்துவிடுகிறது.

இவ்விரு உணர்ச்சிகளும் பரந்த மக்கள் இலக்கியமாக உருப்பெற்ற களங்களுள் முதன்மையானது 13ஆம் நூற்றாண்டின் மத்திய இத்தாலி. கிறித்தவக் கிழக்கில் இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 6ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் வாழ்ந்த ரோமானோஸ் என்னும் கவிஞர் தாயையும் மகனையும் சிலுவையடியில் உரையாட வைத்துக் கிரேக்கத்தில் பாடியிருக்கிறார். எனினும் இத்தாலியில் நிகழ்ந்தது வேறு வகையானது. வணிகமும் நாணயப் பொருளாதாரமும் வளர்ந்து, நிலமானிய உறவுகள் தளர்ந்து, நகரங்கள் சுயாட்சி பெற்று வந்த காலம் அது. துணி வணிகரின் மகனான அசிசி நகரப் பிரான்சிஸ் தந்தையின் செல்வத்தைத் துறந்து வறுமையை ஏற்றமை அப்பொருளாதார மாற்றத்திற்குள்ளிருந்தே எழுந்த எதிர்க்குரலாகும். 1223இல் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு அவர் நத்தார்க் காட்சியை அமைத்தார். ஏழைக் குழந்தையாகப் பிறந்த இறைவனைக் கண்ணால் காண்பதே அங்கு நோக்கமாயிருந்தது. பிரான்சிஸ்கன் தியானம் கோட்பாட்டிலிருந்து காட்சிக்கு இறங்கியது. காட்சிக்கு இறங்கியதும் தாய் தவிர்க்க முடியாதவளானாள். குழந்தை இருக்குமிடத்தும் பிணம் இருக்குமிடத்தும் தாயில்லாமல் எந்த ஊராரும் ஒரு காட்சியைக் கற்பனை செய்யமாட்டார்கள்.

இத்தியான மரபிலிருந்து தோன்றிய இரண்டு இலத்தீன் பாடல்கள் இரட்டையர் போன்றவை. ஒன்று துயருறும் தாய் சிலுவையருகே நிற்பதைப் பாடும் 'ஸ்தாபாத் மாத்தர் தொலொரோசா'. மற்றையது அதே யாப்பிலும் அதே வாக்கிய அமைப்பிலும் அழகிய தாய் வைக்கோலருகே மகிழ்ந்து நிற்பதைப் பாடும் 'ஸ்தாபாத் மாத்தர் ஸ்பெசியோசா'. முன்னையதை இயற்றியவர் பிரான்சிஸ்கன் துறவியான தோடி நகர யாக்கொப்போனே என்பது மரபு. பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ற் என்பாரும் உளர். பின்னையது முன்னையதைப் பார்த்து எழுந்தது என்றே பலரும் கருதுவர். அவற்றின் பிற்கால வரலாறு ஒன்றுபோல் அமையவில்லை. துயரப் பாடல் 1727இல் உரோமைப் பூசை நூலில் வியாகுல மாதா திருநாளுக்கு மீண்டும் சேர்க்கப்பட்டது. 1736இல் பெர்கொலேசி அதற்கு அமைத்த இசை உலகெங்கும் பரவிற்று. மகிழ்ச்சிப் பாடலோ 1852இல் ஒசானாம் தமது பிரான்சிஸ்கன் கவிஞர் பற்றிய நூலிலே எடுத்துப் பேசும்வரை பெரும்பாலும் மறக்கப்பட்டே கிடந்தது.

மகிழ்ச்சிப் பாடல் ஏன் மறக்கப்பட்டது? அதில் எஞ்சியிருப்பது தொட்டிலின் மகிழ்ச்சி மட்டுமே என்பது என் கருத்து. வைக்கோல் அங்கு வறுமையின் அடையாளமாக அன்றி அலங்காரமாக உள்ளது. லூக்காவின் மரியாளை மகிழ்வித்த செய்தி, அதாவது வலியோரின் வீழ்ச்சி, அதில் முற்றாக இல்லை. எதனால் மகிழ்கிறாள் என்பதை அகற்றிவிட்டு மகிழ்கிறாள் என்று மட்டும் பாடினால் கேட்போர் நெஞ்சில் அது நெடுங்காலம் தங்காது.

துயரப் பாடலின் வலிமை மறுக்கத்தக்கதன்று. மும்மூன்று அடிகளாலான இருபது கண்ணிகள். முதல் எட்டிலே காட்சி விரிகிறது. ஒன்பதாவதிலிருந்து பாடுவோன் தாயை நோக்கி, உன் துயரில் எனக்கும் பங்கு தருவாய் என வேண்டத் தொடங்குகிறான். இறுதியில் தீர்வை நாளில் தன் ஆன்மா காக்கப்படவும் மோட்சம் அடையவும் வேண்டுகிறான். இதில் நாம் மனங்கொள்ள வேண்டியது யாதெனில், இருபது கண்ணிகளிலும் மரியாள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் காணப்படுகிறாள், வியக்கப்படுகிறாள், வேண்டப்படுகிறாள். அம்புரோசியார் மறுத்த கண்ணீர் அவளுக்குக் கிடைத்துவிட்டது, குரல் கிடைக்கவில்லை. பாடல் நகர நகர அவளுடைய மகனின் மரணம் பாடுவோனின் ஈடேற்றத்திற்குரிய சாதனமாகிறது. எழுத்தறிவு பெற்ற குருமாரின் மொழியில் அவர்களுடைய அந்தரங்கத் தியானத்திற்கேற்ற வடிவம் இது.

இனி யாக்கொப்போனேயின் மற்றொரு படைப்பைக் காண்போம். 'மரியாளின் புலம்பல்' என வழங்கும் இப்பாடல் உம்பிரியப் பேச்சுமொழியில் அமைந்தது. 135 அடிகள் கொண்டது. 1260இல் பெரூஜியா நகரில் தோன்றிப் பரவிய, தம்மைத் தாமே கசையால் அடித்துக்கொண்டு தவமியற்றிய பொதுநிலைச் சகோதர சங்கங்களே இத்தகைய தாய்மொழிப் பக்திப் பாடல்களை வளர்த்தன. கைவினைஞரும் சிறு வணிகரும் கூடிப் பாடிய பாடல்கள் அவை. புலம்பலோ முற்றிலும் உரையாடலாக உள்ளது. ஒருவன் ஓடிவந்து மகன் பிடிபட்ட செய்தியைச் சொல்கிறான். தாய் மதலேனாளைத் துணைக்கு அழைக்கிறாள். பிலாத்துவிடம் சென்று மகனை வதைக்க வேண்டாமென மன்றாடுகிறாள். அவன்மீது சாட்டப்பட்ட குற்றம் பிழையென வாதிடுகிறாள். ஒரு கை அறையப்படுவதையும் மறு கை அறையப்படுவதையும் கால்கள் அறையப்படுவதையும் தூதுவன் ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லிவர, அவள் தன் புலம்பலைத் தொடங்குவதாகத் தானே அறிவிக்கிறாள். அவ்வறிவிப்பில் அவள் கையாளும் 'கொர்ரொத்தோ' என்னும் சொல் திருச்சபையின் சொல்லன்று. மரண வீட்டு ஒப்பாரிக்கு அந்நாட்டு மக்கள் வழங்கிய சொல்.

இச்சொல்லின் முக்கியத்துவத்தைச் சமகாலச் சட்டங்களோடு வைத்து நோக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சுயாட்சி நகரங்கள் பல, மரண வீட்டிற்கு வெளியே உரத்து ஒப்பாரி வைப்பதையும் தலைமயிரைப் பிய்த்துக் கொள்வதையும் தடைசெய்து சட்டம் இயற்றின. தோடியிலிருந்து அதிக தூரமில்லாத ஓர்வியேத்தோவில் அந்நூற்றாண்டின் இறுதியில் இக்குற்றத்திற்காகத் தண்டம் அறவிடப்பட்டது. பெருங்குடும்பங்களின் பழிவாங்கல் சண்டைகளை இழவு வீட்டுக் கூட்டங்கள் மூட்டிவிடும் என்ற அச்சமும், அடக்கமே நகர ஒழுங்கிற்கு அடித்தளம் என்ற புதிய ஆளும் பகுதியினரின் கருத்துநிலையும் இதற்குக் காரணங்களாயின. தெருவிலே ஒப்பாரிக்குத் தண்டம் விதிக்கப்பட்ட காலத்திலேயே அவ்வொப்பாரி தன் பெயரை மறைக்காமல் இறைவனின் தாயின் வாயில் ஏறி அமர்கிறது. அதற்குத் தண்டம் விதிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

இன்னொரு சிறு மாற்றம். யோவான் சுவிசேஷத்தில் சிலுவையிலிருந்து யேசு தாயை ஸ்திரீயே என விளிக்கிறார். உம்பிரியப் பாடலில் அவர் குழந்தை விளிப்பது போல் 'மம்மா' என்கிறார். தன் சீடரோடு அவள் தொடர்ந்து வாழ வேண்டுமென அவர் கூற, அப்படிச் சொல்லாதே மகனே, உன்னோடு நானும் சாகவேண்டும் என அவள் மறுக்கிறாள். மீட்புத் திட்டம் முழுவதற்கும் எதிராக ஒரு தாய் சொல்லும் மறுப்பு அது. இறுதியில் அவள் பணிகிறாள். ஆயினும் மறுத்த பின் பணிவதும் வாய் திறவாமல் நிற்பதும் ஒன்றல்ல.

யாக்கொப்போனே அதிகாரத்தோடு மோதியவர் என்பதும் நினைவிற்குரியது. பிரான்சிஸ்கன் சபையில் வறுமை விதியைத் தளர்த்தக்கூடாதென நின்ற பிரிவைச் சார்ந்த அவர், 1297இல் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸின் தெரிவு செல்லாதென அறிவித்த ஆவணத்தில் ஒப்பமிட்டார். 1298இல் பலஸ்திரீனா வீழ்ந்ததும் சிறையிடப்பட்டு, 1303இல் அப்பாப்பரசர் இறந்த பின்னரே விடுதலை பெற்றார். ஆனால் இதனைக் கொண்டு புலம்பலைப் புரட்சி இலக்கியம் எனக் கொள்வது பிழை. அதில் சிலுவையில் அறைக எனக் கூவுவோர் யூத மக்கள். சட்டத்தையும் ஆட்சி மன்றத்தையும் காட்டி அவர்களே வாதிடுகின்றனர். ரோம ஆட்சியின் பொறுப்பு பின்னால் நழுவிவிடுகிறது. சிலுவைப்பாடு பற்றிய தாய்மொழி இலக்கியமும் நாடகமும் ஐரோப்பாவில் யூத வெறுப்பிற்கு எத்துணை எரிபொருளாயின என்பதை இன்று அறிந்துள்ள நாம், இப்பாடலின் அழகைப் போற்றும் அதே மூச்சில் இதையும் சொல்லவே வேண்டும். அடக்கப்பட்டோரின் துயரம் தன் எதிரியைத் தவறாக இனங்காண்பது வரலாற்றில் அரிதன்று.

இத்தியான மரபு இத்தாலியில் பிறந்த ஒருவர் மூலமாகத் தமிழுக்கும் வந்தது. 1680இல் மாந்துவா நகருக்கு அண்மையில் பிறந்த பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் யேசு சபையினர். மனிதாவதாரத்தையும் பாடுகளையும் மனக்கண்ணால் கண்டு தியானிக்குமாறு இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சியில் வளர்ந்தவர். 1726இல் அவர் பாடிய தேம்பாவணி வளனைத் தலைவனாகக் கொண்டது. சிலுவையடியில் தாயுற்ற துயரைத் தனியே எடுத்து 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடினார். அவர் தேர்ந்த வடிவம் புலவருக்குரிய அந்தாதி. தமிழிலக்கியத்தில் ஈன்ற நாளின் மகிழ்ச்சியையும் இறந்த மகனையும் ஒருங்கே பாடிய முன்மாதிரி ஒன்று உண்டு. புறநானூற்று 278ஆம் பாடலின் மூதாட்டி, களத்தில் மகனுடைய சிதைந்த உடலைக் கண்டு அவனைப் பெற்ற பொழுதினும் பெரிது மகிழ்கிறாள். வீரயுகத்தின் போர்த் தேவைகள் தாயின் துயரத்தையே பறித்து மகிழ்ச்சியாக்கிய இடம் அது. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வைக் கற்றோர்க்கு இது விளங்கும். துயரைத் துயராகவே பாடிய தமிழ்த் தாய்மார் புலவர் ஏடுகளில் அதிகம் இல்லை, ஒப்பாரியில் இருந்தனர்.

அவ்வொப்பாரியை நாடிச் சென்றவர் வீரமாமுனிவரின் சமகாலத்தவரும் ஈழத்தில் உழைத்தவருமான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவையைச் சேர்ந்த ஒறற்றோரியன் சபைக் குருவான அவர் 1705இல் இலங்கை வந்து 1742இல் இங்கேயே மறைந்தார். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' உரைநடையாயினும் கண்ணால் வாசிப்பதற்கென எழுந்ததன்று. தவக்காலத்தில் இழுத்து இசையோடு ஓதுவதற்குரியது. அந்தாதிக்கும் பிரசங்கத்திற்கும் உள்ள இடைவெளி, இலத்தீன் பாடலுக்கும் உம்பிரியப் புலம்பலுக்கும் உள்ள இடைவெளியை ஒத்தது. குருமார் மறைந்து திரிந்த அந்நாள்களில் ஊர்களின் வழிபாட்டை நடத்தியோர் மூப்பரும் அண்ணாவிமாருமாகிய பொதுநிலையினர். பிற்காலத்தில் குருமார் திரும்பி வந்து ஆலயங்கள் எழும்பிய பின்னரும், மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களிலும் அப்பிரசங்கத்தை இராகத்தோடு ஓதும் உரிமை அவ்வூர்ப் பொதுநிலையினரிடமே இருந்து வந்திருக்கிறது.