பருவம் உடுத்தலும் பருவம் ஒழுகலும்: நான்கு பருவ உருவகப் பாத்திரங்களின் ஆடையமைப்பு குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் ஆகியவற்றை ஆடையணிந்த மனித உருவங்களாகப் படைப்பது ஐரோப்பியக் கலையில் நெடிய மரபுடையது. அர்ச்சிம்போல்டோவின் பருவ ஓவியங்களையும் மூகாவின் 1896ஆம் ஆண்டு அலங்காரத் தொகுதியையும் சான்றாகக் கொண்டு, பருவத்துக்குரிய பொருள்களை உடுத்துவதால் மட்டும் ஓர் உருவம் பாத்திரமாகிவிடுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதல், கரு, உரி என்னும் தமிழ்ப் பொருளிலக்கணப் பகுப்பு இதற்கு அளவுகோலாகிறது.

திறவுச் சொற்கள்: பருவம், உருவகம், ஆடையமைப்பு, கருப்பொருள், உரிப்பொருள், அர்ச்சிம்போல்டோ, மூகா.

முன்னுரை

பருவம் கண்ணுக்குத் தோன்றாதது. அதன் விளைவுகளே தோன்றுகின்றன. ஆகவே பருவத்துக்கு முகம் கொடுக்க முனையும் கலைஞர், விளைவுகளிலிருந்து சிலவற்றைத் தெரிந்து ஓர் உடலின்மேல் ஏற்ற வேண்டியவராகிறார். சேசரே ரீப்பா 1593இல் உரோமில் வெளியிட்ட 'இக்கோனோலோசியா' என்னும் நூல் இப்பணிக்கு ஒரு கையேடாயிற்று. அருவக் கருத்துகளுக்கு எவ்வாடை, எந்நிறம், கையில் எப்பொருள் என அது வகுத்துரைத்தது. 1603இல் படங்களுடன் மறுபதிப்புப் பெற்றது. மலர் சூடிய நங்கை, கதிர்முடி தரித்த கோடை, திராட்சை சூடிய இலையுதிர்காலம், தடித்த ஆடை போர்த்த முதுமை என்னும் வாய்பாடு அம்மரபில் நிலைபெற்றது. இன்று பருவங்களைப் புதுப் பாத்திரங்களாக வரைவோரும் இளஞ்சிவப்பு, மஞ்சள், செம்பழுப்பு, வெண்மை என நிறங்களைப் பங்கிடும்போது அவ்வாய்பாட்டின் சுருக்க வடிவையே கையாளுகின்றனர். நிறத்தை நீக்கினால் நான்கு உருவங்களும் ஒன்றாகிவிடுவது இவ்வகைப் படைப்பின் குறை. அதற்கு மாற்று எங்குள்ளது என்பதே இங்கு எழும் வினா.

கருப்பொருளே உடலாதல்: அர்ச்சிம்போல்டோ

ஆப்ஸ்பர்க் அரசவை ஓவியரான சுசெப்பே அர்ச்சிம்போல்டோ 1563இல் நான்கு பருவங்களையும் பக்கத்தோற்ற மார்பளவு உருவங்களாக வரைந்தார். அத்தொகுதியின் கோடையும் குளிர்காலமும் வியன்னாவிலும், இளவேனில் மத்ரீதிலும் உள்ளன, இலையுதிர்காலம் கிடைக்கவில்லை. 1573இல் வரைந்த தொகுதி பாரீசின் லூவர் அருங்காட்சியகத்தில் முழுமையாக உள்ளது. இவ்வோவியங்களில் பருவத்தின் விளைபொருள்களே முகமாகின்றன. கோடையின் மூக்கு வெள்ளரி. காது மக்காச்சோளக் கதிர். இலையுதிர்காலத்தின் கூந்தல் திராட்சைக் கொத்து. குளிர்காலத்தின் முகம் பட்டை வெடித்த அடிமரம், உதடுகள் காளான்.

இவற்றில் பெரிதும் பேசப்படுவது முகங்களின் விந்தையே. ஆனால் ஆடைகள் வேறொன்றைச் சொல்கின்றன. இளவேனில் உடுத்தியிருப்பது இலைகளை. அங்கே மனிதக் கைக்கு வேலையில்லை. கோடை உடுத்தியிருப்பது கோதுமைத் தாளால் பின்னிய ஆடை. அதன் கழுத்துப்பட்டையில் ஓவியரின் பெயரும் தோளில் 1563 என்னும் ஆண்டும் பின்னலோடு பின்னலாக அமைந்துள்ளன. இலையுதிர்காலத்தின் மார்பு சிதைந்த மரப்பீப்பாய். குளிர்காலம் வைக்கோற்பாயைப் போர்த்தியுள்ளது. முகம் இயற்கை தருவதைக் காட்ட, ஆடை மனிதர் அதைக் கொண்டு செய்துகொள்வதைக் காட்டுகிறது. அறுத்தல், பின்னல், பீப்பாய் கட்டுதல், போர்த்தல் என உழைப்பின் ஆண்டுச் சுழற்சி ஆடைகளில் பதிவாகியுள்ளது. இளமை முதல் முதுமை வரை வாழ்வின் நான்கு படிகளும் உடன் அமைவதால், நிறத்தை நீக்கினும் இந்நால்வரும் வெவ்வேறானவர்களே.

எனினும் ஒரு குறை உண்டு. இவ்வுருவங்கள் எதுவும் செய்வதில்லை. பருவம் இவர்களுக்கு நேரவில்லை, இவர்களே பருவம். தமிழ் இலக்கண வழக்கில் கூறுவதாயின், கருப்பொருள் நிறைந்திருக்க உரிப்பொருள் இல்லாத நிலை இது.

உரிப்பொருளின் தோற்றம்: மூகா

செக் நாட்டவரான அல்ஃபோன்ஸ் மூகா 1896இல் பாரீசின் சாம்பெனுவா அச்சகத்துக்காக வரைந்த 'பருவங்கள்' என்னும் நான்கு அலங்காரப் பலகைகள் இதற்கு நேர்மாறானவை. வீட்டுச் சுவர்களுக்கென அச்சிடப்பட்டவை அவை. நான்கிலும் இளம்பெண்களே. ஆடைகள் எளியவை; பருவக் குறிகள் சிலவே. ஆனால் ஒவ்வொருத்தியும் தன் பருவத்துக்குரிய ஒழுக்கத்தில் இருக்கிறாள். இளவேனில் பசுங்கிளையை வளைத்துத் தன் கூந்தலையே நரம்பாக்கி யாழ் செய்கிறாள். செம்பாப்பிப் பூச்சூடிய கோடை நீரில் கால் நனைத்துச் சாய்ந்திருக்கிறாள். சாமந்தி சூடிய இலையுதிர்காலம் திராட்சை கொய்கிறாள். பனி படிந்த கிளையருகே நீண்ட போர்வைக்குள் ஒடுங்கிய குளிர்காலம், கைக்குள் பொதிந்த சிறு பறவைக்கு மூச்சால் வெப்பமூட்டுகிறாள்.

தொகுதியின் சிறந்த உருவம் குளிர்காலமே. மற்ற பெண்களின் ஆடையை மாற்றினாலும் ஓவியம் பெரிதும் கெடாது. இவளிடமிருந்து போர்வையை நீக்கினால் குளிரும் இல்லை, பறவைக்குப் புகலிடமும் இல்லை. இங்கு ஆடை அணியன்று; செயலின் ஒரு பகுதி. குளிரின் உருவாக வந்தவளே குளிரை உணர்பவளாகவும் இருப்பதால் அவள் பாத்திரமாகிறாள். ஆயின் இதற்கு மூகா கொடுத்த விலையும் சிறிதன்று. நால்வரும் ஒரே வயதினர், ஆண்டு முதிர்வதில்லை. அழகு குன்றாதிருக்க வேண்டுமென்னும் அலங்காரத் தேவை குளிர்காலத்தின் கடுமையையும் மென்மையாக்கிவிடுகிறது.

தமிழ் மரபு தரும் அளவுகோல்

தொல்காப்பியம் பொழுதை முதற்பொருளில் வைத்து, பெரும்பொழுதை ஆறாகப் பகுக்கிறது. பருவம் அங்கே மாந்தர் ஒழுக்கத்தின் களம். கார்காலம் வந்ததென்றால் மேகத்தை வரைவதோடு அமையாது. வினைமேற் சென்றவன் திரும்பவேண்டிய காலம் அது. பருவத்தை ஆளாக்கும் இடங்களிலும் இந்நோக்கு மாறவில்லை. சிலப்பதிகார வேனிற்காதையில் இளவேனில் இளவரசனாகவும் தென்றல் தூதனாகவும் வருகின்றன. அவர்களை வேறுபடுத்துவது உடையன்று, பணி.

உடையும் ஒழுக்கமும் முழுமையாக இணையும் இடம் அக்காப்பியத்தின் புறஞ்சேரி இறுத்த காதை. அங்கு உருப்பெறுவது பருவமன்று, வையை ஆறு. எனினும் ஆக்கமுறை ஒப்பிடத்தக்கது. உதிர்ந்த முருக்கிதழ் வாயாக, முல்லை பல்லாக, கயல் கண்ணாக, கருமணல் கூந்தலாகப் பொருள்களைக் கொண்டே அப்பெண்ணுரு அமைகிறது. அர்ச்சிம்போல்டோவின் முறைக்கு அணுக்கமானது இது. ஆனால் இளங்கோவடிகள் அங்கு நிற்கவில்லை. கண்ணகிக்கு நேரவிருப்பதை அறிந்தவள்போல அவள் மலராடையைப் போர்த்துத் தன் கண்ணீரை மறைக்கிறாள். அதுவரை வருணனையாக இருந்த பூக்கள் அக்கணத்தில் ஆடையாகின்றன. ஆடை துயரை மறைக்கும் செயலாகிறது. கரு உரியாக மாறும் இடம் இதுவே.

இவ்வளவுகோல் இன்றைய தமிழ் ஓவியர்க்கும் பயன்படும். குளிர்காலத்துக்கு வெண்பனித் தொப்பியும் கம்பளிக் கழுத்துத்துணியும் அணிவித்தால் அது தமிழ்நிலச் சமவெளியின் பருவமாகாது. முன்பனி, பின்பனி என்னும் பெயர்களில் உள்ள பனி உறைபனியன்று; மார்கழிப் புல்லில் படியும் ஈரம். ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிரோ நான்கு பருவச் சட்டகத்தில் இடமே பெறுவதில்லை. மழையும் வாடையும் கலந்த அப்பருவத்துக்கு எவ்வாடை பொருந்தும் என்பது இன்னும் வரையப்படாத ஓவியம்.

முடிவுரை

பருவப் பாத்திரத்தின் ஆடை மூன்று நிலைகளில் அமையக் காண்கிறோம்: அடையாளம் மட்டும் ஆவது, உழைப்பின் பதிவாவது, செயலில் பங்கேற்பது. முதல்நிலை எளிது, எளிதில் பெயர்த்தெடுத்து எவர்க்கும் அணிவிக்கத்தக்கது. அர்ச்சிம்போல்டோவின் வைக்கோற்பாயும், மூகாவின் குளிர்காலப் போர்வையும், வையையின் மலராடையும் அவ்வாறு பெயர்க்க இயலாதவை. இப்பருவத்தில் வாழ்பவர் இதை ஏன் உடுத்துகிறார், உடுத்து என்ன செய்கிறார் என்னும் வினாவுக்கு விடை தரும் ஆடையே உருவத்தைப் பாத்திரமாக்குகிறது.