புத்தகத்த வச்சிட்டுப் படி

நம் வீடுகளில் 'படி' என்ற சொல்லுக்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். கதைப் புத்தகத்தில் மூழ்கிக் கிடக்கும் ஏழாம் வகுப்புப் பையனிடம் அம்மா சொல்கிறார், "அந்த புக்க கீழ வச்சிட்டுப் படிடா." இதில் ஏதோ இடிக்கிறது என்று அம்மாவுக்கும் தோன்றுவதில்லை, பையனுக்கும் தோன்றுவதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவிலும் சாயங்காலம் ஏழு மணிக்கு இதைக் கேட்கலாம். இலக்கியம் பேசுகிற நாம் 'வாசிப்பு' என்று தனியாக ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் பேச்சில் அதைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைத் தாமாகப் படிக்க வைப்பது பற்றி எதைப் பேசினாலும் இந்தச் சொல் குழப்பத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் காரியங்களும் கடைசியில் அம்மா சொன்ன அந்தப் 'படி'யிலேயே போய் விழுகின்றன.

முதலில் நடந்திருக்கும் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசின் பள்ளிக் கல்வித் துறை 2022-ல் 'தேன்சிட்டு' இதழைக் கொண்டுவந்தது. 2023-ல் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்புத் திறனைப் பார்த்து நிலை பிரித்தது சரியான யோசனை. கையில் எடுத்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முழுப் புத்தகம் ஒன்றை முடித்துவிட்டேன் என்ற நினைப்பு பதினோரு வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்கு மறந்திருக்கும்.

என் விமர்சனம், புத்தகத்தை மூடிய பிறகு நடப்பதைப் பற்றியது. பள்ளியில் நூலகப் பாடவேளை இருக்கிறது. படித்த புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டும், பேச வேண்டும், வரைய வேண்டும், அப்புறம் போட்டி. மேடையில் ஜொலிக்கிற பிள்ளைக்கு இது நல்லதுதான். மற்றவர்களுக்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் ஒரு பெட்டி புத்தகத்தைத் திறந்து வைப்பேன். ஒரு பையன் நான்கைந்து புத்தகங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டான், "இதப் படிச்சா என்ன எழுதணும்?" ஒண்ணும் எழுத வேண்டாம் என்றேன். அவன் நம்பவில்லை. இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். பிறகு ஏதாவது கேட்பார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் பக்கத்தை எண்ணித்தான் புத்தகம் எடுப்பார்கள். அவன் சோம்பேறி இல்லை, கணக்குத் தெரிந்தவன்.

பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் பல வருடங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1992-ல் வந்த தன் புத்தகத்தில் வாசகருக்குப் பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டார். வாசிக்காமல் இருக்கும் உரிமை முதலாவது. பாதியில் விடுவதற்கும், பக்கங்களைத் தாண்டிப் போவதற்கும் உரிமை உண்டு. படித்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கலாம் என்பது கடைசி. நம் பள்ளிகளில் தலைகீழாக இருப்பது இந்தக் கடைசி உரிமைதான். படித்ததை உடனே ஒப்பித்தாக வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை, 'பற'வுக்கு அப்புறம் என்ன? நான்காம் நிலையை முடித்த பெண், ஒரு ஞாயிறு மதியம் முழுக்கத் தன்னைப் பிடித்து வைக்கிற புத்தகத்தைத் தேடுகிறாள். பெரியவர்கள் உடனே பொன்னியின் செல்வனைக் காட்டுகிறார்கள். ஐந்து பாகம்! நடுவில் படிக்கட்டே இல்லையா? இருக்கிறது. ஜெயமோகனின் 'பனிமனிதன்' சிறுவர்மணியில் தொடராக வந்த நாவல். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', கீழடியைத் தொட்டுப் போகும் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' மூன்றும் சாகித்ய அகாடமியின் பால புரஸ்கார் பெற்றவை. வாண்டுமாமாவும் முத்து காமிக்ஸும் எப்போதும் உண்டு. இந்தப் பட்டியல் நமக்குத் தெரியும். ஆவடியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்குத் தெரியாது, அவள் கைக்கு எட்டும் தூரத்திலும் இவை இல்லை.

இதைவிடக் கஷ்டமான நிலையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆலை வேலைக்காகப் பல ஊர்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே அதிகம். வீட்டில் தெலுங்கோ இந்தியோ, பள்ளியில் ஆங்கில வழி, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். வயது பதின்மூன்று, வாசிப்பு எட்டு வயது நிலை. அவனிடம் முயல் கதையைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவானோ என்று ஒளித்து வைக்கிறான். அவனுக்கு வேண்டியது எளிய வாக்கியம், பெரிய பையனுக்கான விஷயம்: கிரிக்கெட், பேய், காதல், அப்பாவுக்கு வேலை போன வீடு. அப்படி யோசித்து எழுதப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள் மிகக் குறைவு. நம் சிறார் இலக்கிய விமர்சனம் அறிவுரை இருக்கிறதா இல்லையா என்று பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை.

புத்தகம் வாங்கத் தேனாம்பேட்டை போக வேண்டும், இல்லையென்றால் ஜனவரியில் நந்தனம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. புத்தகக் கடைகள் விஷயத்தில் இன்னும் புறநகர்தான். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே கிளை நூலகத்தில் பதின்வயதுக்கு என்று தனியாக ஒரு அலமாரி கேட்பது சலுகை கேட்பதாகாது. அலமாரி வந்தாலும் போக நேரம் வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் டியூஷன், எட்டு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் ஹோம்வொர்க். மிச்சமாகும் அரை மணி நேரம் போனுக்கு. போனைக் குறை சொல்வது சுலபம். அந்த அரை மணி நேரத்தில், முடிந்ததும் எதையும் ஒப்பிக்கச் சொல்லாத ஒரே பொருள் அதுதான்.

இதைப் படிக்கிற நீங்கள் எப்படி வாசகரானீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பொட்டலம் கட்டி வந்த பேப்பர், அக்கா மறைத்து வைத்திருந்த தொடர்கதை, பக்கத்து வீட்டு காமிக்ஸ். அதற்கெல்லாம் வினாத்தாள் எதுவும் வரவில்லை. அந்த வசதியைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கும் கேட்கிறேன். பாடவேளையில் இருபது நிமிடம், பிடித்த புத்தகம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், முடிந்ததும் கேள்வி இல்லை. ஆசிரியரும் அதே இருபது நிமிடம் தனக்குப் பிடித்த புத்தகத்தைப் படிக்கட்டும். உங்கள் தெருவிலும் ஒரு பெட்டியைத் திறந்து வைக்கலாம். புத்தகம் திரும்பி வரும்போது "நல்லா இருந்துச்சா?" என்றுகூடக் கேட்க வேண்டாம். "அடுத்தது எது வேணும்?" என்று கேளுங்கள், போதும்.