முழங்காலில் முதிரும் ஆட்டம்

கண்டி ஏரியைச் சுற்றியுள்ள மண்டபங்களில் மாலை ஐந்து மணியளவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஓர் ஆட்ட நிகழ்ச்சி நடக்கும். சங்கு ஊதி, மேளம் முழங்கி, மயில் ஆடி, தட்டுச் சுழற்றி, கடைசியில் தீக்கங்கின்மேல் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். வெள்ளித் தலையணி அணிந்தவர் அந்தரத்தில் கரணம் போடும்போது கூரை அதிரக் கைதட்டல் கேட்கும். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சீட்டுக் காசில்தான் பல கலைஞர் வீடுகளில் உலை கொதிக்கிறது. ஆனால், ஒரு கண்டிய நடனக்காரர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்று கரணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு முழங்காலைப் பார்க்க வேண்டும்.

‘மண்டிய’ என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை நிலை. பாதங்களை அகட்டி, முழங்கால்களை வெளிப்பக்கம் மடித்து, முதுகை நேராக நிறுத்தி, கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நிற்பது. பரதநாட்டியத்தின் அரைமண்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆனால் இங்கே கால்கள் இன்னும் அகலமாக விரிகின்றன; உடலின் பாரம் முழுவதும் தரைக்குள் இறங்குகிறது. இளம் ஆட்டக்காரர் மண்டியில் இருந்து பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல எழும்பிவிடுவார், அவருக்கே தெரியாமல். தேர்ந்தவரின் தலை மட்டம் தொடக்கத்தில் எங்கே இருந்ததோ, மேளம் மும்மடங்கு வேகமெடுத்த பிறகும் அங்கேயே இருக்கும்.

அந்த உறுதியைச் சம்பாதிக்கும் வழி நீளமானது. பா சரம்ப பன்னிரண்டு, கொட சரம்ப பன்னிரண்டு என்ற பயிற்சிகள் முதலில் கால்களைப் பதப்படுத்தும். பிறகு கால்களோடு கைகளையும் சேர்க்கும். குருவின் வீட்டு முற்றத்தில் இவற்றைச் செய்தே பிள்ளைகளின் காலம் கழியும். கூடவே மேளச்சொற்களை வாயால் சொல்லவும் பழக வேண்டும். தத், ஜித், தொன், நம் என்ற நான்கு ஒலிகளில் இருந்துதான் கெட்ட பெரய என்ற மேளத்தின் பாடம் தொடங்குகிறது. மிருதங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் மிருதங்கச் சொற்களின் சாயலை இதில் கண்டு புன்னகைப்பார்கள். வலப்பக்கம் குரங்குத்தோல், இடப்பக்கம் மாட்டுத்தோல் என்பது அந்த மேளத்தின் பழைய முறை. இரு பக்கமும் ஒன்றோடொன்று வாதாடுவதுபோல் ஒலிக்கும். அந்த வாதத்தில் ஆட்டக்காரர் மூன்றாவது ஆளாக நுழைகிறார்.

பயிற்சி முதிர்ந்தவருக்கு, நல்ல நேரம் பார்த்து, சடங்காக ‘வெஸ்’ தலையணியைக் கட்டுவார்கள். வெஸ் அலங்காரத்தில் அறுபத்துநான்கு அணிகள் என்பது மரபுக் கணக்கு. மார்பில் மணிவலை, தோளில் தகடுகள், காதில் தோடு, காலில் சிலம்பு. மரபுவழியில் பெரவா சாதியைச் சேர்ந்த ஆண்களுக்கு மட்டுமே இது உரியதாக இருந்தது. கோயில் நிலத்தை உழுது உண்டு, அதற்கு ஈடாக ஆடிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஊரே கும்பிட்ட அந்தத் தலையணியைக் கழற்றி வைத்த மறுகணம் அதே ஊர் அவர்களைத் தாழ்ந்த இருக்கையில் உட்கார வைத்தது. இந்தக் கலையை ரசிப்பவர் இதையும் சேர்த்தே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வெஸ் கட்டியவரின் உண்மையான பரீட்சை மேடையில் நடப்பதில்லை. கொஹொம்ப கங்காரிய என்ற சடங்கில்தான் அது இருக்கிறது. யட்சினி குவேனியின் சாபத்தால் நோயுற்ற பண்டுவாசுதேவ மன்னனைக் குணமாக்க மலைய தேசத்து அரசனை வரவழைத்த கதைதான் அதன் வேர். அந்த அரசனை இழுத்து வர ராகு பன்றி உருவெடுத்து ஓடியதாகவும், கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையில் கல்லாகிப் போனதாகவும் சொல்வார்கள். இரவு முழுக்க நீளும் இந்தச் சடங்கில் ஆட்டக்காரர் ஆடினால் மட்டும் போதாது; பாட வேண்டும், கதை சொல்ல வேண்டும், ‘யக்கம்’ எனப்படும் நகைச்சுவைப் பகுதிகளில் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். விடியற்காலையில், உடம்பு களைத்த பிறகு, மண்டி தாழ்ந்தே இருக்கிறதா என்பதில் தெரிந்துவிடும் ஆள் யார் என்று. செலவு மிகுந்ததால் இன்று கங்காரிய அரிதாகிவிட்டது. இழப்பு பெரிது.

நித்தவெல என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ரக்பி மைதானம். கண்டி நகரை ஒட்டிய அந்த இடம் ஒரு பெரிய ஆட்டப் பரம்பரையின் ஊருங்கூட. அங்கிருந்து வந்த குணயாவின் ஆட்டத்தை இன்றும் நம்மால் பார்க்க முடிகிறது. 1934இல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தின் இறுதிப் பகுதியில் குணயாவும் உக்குவாவும் சுரம்பாவும் ஆடுகிறார்கள். இலங்கைத் தேயிலையை உலகுக்கு விளம்பரப்படுத்தும் சபையின் பணத்தில் எடுத்த படம் அது. மலையகத் தமிழரின் வியர்வையில் விளைந்த தேயிலை, சிங்களக் கிராமத்து ஆட்டக்காரரை உலகத் திரைக்குக் கொண்டு போனது என்பது வேடிக்கையான கணக்கு. படத்தில் பேச்சு அடங்கி, அணிகளும் மேளமும் உடலும் மட்டும் நிற்கும் அந்த நிமிடங்களுக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முகத்தில் பாவம் எதுவும் இல்லை. இந்த ஆட்டத்தில் முகம் நடிப்பதில்லை. அது அமைதியாக இருக்கும், கால்கள் பேசும்.

நடனக் கலைஞர் சித்ரசேனவின் வளர்ச்சி வேறு திசை. 1921இல் பிறந்த அவர் பரம்பரை ஆட்டக்காரர் அல்ல. தந்தை சீபர்ட் டயஸ் நாடகக்காரர். அல்கம கிரிகனித்தா போன்ற கண்டிய குருமாரிடம் பணிந்து கற்று, கேரளக் கதகளியையும் பயின்று, சாந்திநிகேதனத்துக்கும் போய் வந்தார். 1961இல் அரங்கேறிய ‘கரதிய’ நாட்டிய நாடகத்தில் மலைநாட்டு ஆட்டமொழியைக் கடலோர மீனவரின் கதைக்குக் கொண்டு வந்தார். மரபைக் கெடுத்தார் என்று முணுமுணுப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. அடித்தளத்தை முழுமையாகக் கற்றவருக்கே அதை இடம் மாற்றும் உரிமை உண்டு; அவர் கற்றிருந்தார். அவருடைய மனைவி வஜிரா இன்னும் கடினமான வேலையைச் செய்தார். ஆண் உடலுக்கென்றே வார்த்த அசைவுகளைப் பெண் உடலுக்கு ஏற்றபடி, வலிமை குன்றாமல், திருத்தி அமைத்தார். 2012இல் அவர்களுடைய குழுவும் கர்நாடகத்து ஒடிசிக் குழுவான நிருத்யகிராமமும் சேர்ந்து அளித்த ‘சம்ஹாரா’வில் ஒடிசியின் வளைந்த இடுப்புக்குப் பக்கத்தில் கண்டிய நடனத்தின் நிமிர்ந்த முதுகு நிற்கும். இரண்டின் அழகும் அப்போதுதான் எனக்குச் சரியாகப் பிடிபட்டது.

இன்று கண்டிய நடனம் பாடசாலைப் பாடம், பல்கலைக்கழகப் பட்டம், ஆசிரியர் வேலை. சாதியின் பிடி தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம், நல்லது. ஆனால் பரீட்சைக்கு ‘வன்னம்’ என்ற பாட்டோடு கூடிய ஆட்டத்தைப் படிப்பவருக்கு அதன் இறுதி ஆட்டமான ‘அடவ்வ’ வரும். தொடக்கத்தில் சொல்லில்லாமல் நீட்டி இசைக்கும் தானமவுக்குப் பொறுமை வராது. பதினெட்டு வன்னங்களில் கஜகா யானையைப் பற்றியது. தும்பிக்கையை ஆட்டிக் காட்டுபவர் அதைக் கெடுக்கிறார். யானையின் நடையில் உள்ள நிதானத்தை மட்டும் காலில் ஏற்றுபவர் அதை ஆடுகிறார்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் முதலில் கும்பல் இரவுகள் ஐந்து, பிறகு பெரிய ஊர்வலமான ரந்தோலி இரவுகள் ஐந்து. ரந்தோலிக்கு நாற்காலி வாடகை கொடுத்துக் கூட்டத்தில் நெரிபடுவதைவிடக் கும்பல் இரவொன்றில் ஊர்வல வீதியோரமாக நில்லுங்கள். தலதா மாளிகையின் யானை போனதும் கிளம்பிவிடாதீர்கள். நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலயங்களின் ஊர்வலங்கள் போய், கடைசியாகப் பத்தினி தேவாலயத்தின் அணி வரும். நம் கண்ணகிதான் அவள். கொப்பரைத் தீப்பந்தங்களின் புகையில், மணிக்கணக்காக வெறுங்காலோடு தார்ச்சாலையில் ஆடி வந்தவர்கள் அந்த அணியிலும் இருப்பார்கள். அவர்கள் முழங்காலைப் பாருங்கள்.