ஈரச் சாலையும் முழங்கால் தண்ணீரும்

மழை நகரத்தை வரைவதில் ஓவியருக்கு ஒரு வசதி உண்டு. ஈரத் தாளில் நீர்வண்ணத்தை ஓடவிட்டால் குப்பை, விளம்பரத் தட்டி, மின்கம்பிச் சிக்கல் எல்லாம் கரைந்துபோகும். விளக்கொளியும் அதன் பிம்பமும் மிஞ்சும். மாற்றலாகியோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தோ விழுப்புரம் வந்து சேர்பவருக்கு ஊரைப் பற்றிய பழைய நினைவு கிடையாது. அந்த இடத்தில் ஒரு படம் சுலபமாக உட்கார்ந்துவிடும். ஓவியத்தின் இந்தப் பலத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் உருவாக்கிய பாலத்து மழைப் படத்தை வான்கா 1887இல் பாரிசில் இருந்தபடியே எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். ஜப்பானை அவர் கண்ணால் கண்டதில்லை. மறுவருடம் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகருக்குப் போனபோதும் அங்கே ஜப்பானைத்தான் தேடினார்.

ஆனால் எந்த மழையை நேசிக்கப் பழக்குகிறது படம்? பிரெஞ்சு ஓவியர் கெய்போத் 1877இல் வரைந்த பாரிஸ் தெருவில் ஒரு துளிகூட விழுவதாகத் தெரியாது. ஈரக் கற்கள், நல்ல உடுப்பு, விரித்த குடை, அவ்வளவுதான். ஹிரோஷிகேயோ கோடுகளாகக் கொட்டும் மழையில் மனிதர்களைக் குனிந்து ஓடவிட்டார். நம் மழை ஓவியங்கள் பெரும்பாலும் பாரிஸ் வழியில் போகின்றன. சென்னை என்றால் மின்னும் தார்ச்சாலை, மஞ்சள் ஆட்டோ, ஒரு குடைக்குள் இருவர். நனையாமல் நின்று பார்த்தவரின் மழை அது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. பெய்தது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட, ரயில்கள் நின்றன. தென்பெண்ணை பெருகி அரசூர் அருகே நெடுஞ்சாலையை மறித்தது. படம் பார்த்து வளர்த்த அன்பு இந்த மழைக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.

மழையின் நல்ல முகத்தையும் ஓவியர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் அது தெருவில் இல்லை, ஏரியில் இருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது என்றால் ஊரே கரையில் வேடிக்கை பார்க்க நிற்கும். அந்தக் கூட்டத்தை வரைந்த படம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் பனமலைக் கோயிலில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலப் பார்வதி ஓவியம் உள்ள மாவட்டம் இது. (அவள் தலைக்கு மேலும் குடை உண்டு, மழைக்காக அல்ல.)

விழுப்புரத்து மழையை வரைய விரும்புகிறவர், தண்ணீர் தேங்கிய புதிய பேருந்து நிலையத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர்களிலிருந்து தொடங்கட்டும். புதிதாக வருகிறவர் முதலில் அவர்களோடுதான் நடக்கப்போகிறார்.