ரேமண்ட் சாண்ட்லர்: எண்ணெய் நிறுவனத்திலிருந்து எழுத்துக்குத் திரும்பியவர்

ரேமண்ட் சாண்ட்லர் (1888–1959) அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர். பிலிப் மார்லோ என்னும் தனியார் துப்பறிவாளரைப் படைத்தவர். இளமையில் எழுதத் தொடங்கி, கைவிட்டு, எண்ணெய் நிறுவனத்தில் உயர்பதவி வகித்து, அதை இழந்தபின் 45 வயதில் முதல் துப்பறியும் கதையை வெளியிட்டார். வேலை போனதால் ஓர் எழுத்தாளர் பிறந்தார் என்றே இவ்வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். அவர் எப்படித் திரும்பி வந்தார், நிறுவனத்திலிருந்து எதைக் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் எழுத்துக் காலம்

சாண்ட்லர் சிகாகோவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டன் டல்விச் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் பயின்றார். கடற்படைத் துறையில் கிடைத்த அரசு வேலையைச் சிறிது காலத்திலேயே விட்டுவிட்டு இதழ்களுக்கு எழுதினார். அவரது முதல் கவிதை 1908-இல் வெளிவந்தது. அக்காலக் கவிதைகள் கனவுக் காதலையும் இழப்பையும் பாடுபவை. அவற்றில் பயிற்சி உண்டு, வாழ்க்கை இல்லை. எழுத்தால் பிழைக்க முடியாமல் 1912-இல் அமெரிக்கா திரும்பினார். முதல் உலகப் போரில் கனடியப் படையில் பணியாற்றியபின் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கினார்.

நிறுவன வாழ்க்கை

1920-களில் லாஸ் ஏஞ்சலிஸ் எண்ணெயால் பெருத்த நகரம். சாண்ட்லர் டாப்னி எண்ணெய் நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்து துணைத்தலைவர் நிலை வரை உயர்ந்தார். 1924-இல் தம்மைவிட 18 வயது மூத்த சிஸ்ஸியை மணந்தார். பின்னர் குடி மிகுந்தது, அலுவலகத்துக்கு ஒழுங்காக வராமல் இருந்தார். 1932-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், பணிநீக்கம் செய்யப்பட்டார். இலக்கியத்துக்காக அவர் பதவியைத் துறக்கவில்லை என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

திரும்பிய விதம்

அவர் பழைய கவிதைகளுக்குத் திரும்பவில்லை. மலிவுத் தாளில் அச்சான துப்பறியும் கதை இதழ்களைப் படித்தார். அவற்றில் ‘பிளாக் மாஸ்க்’ முக்கியமானது. டாஷியல் ஹாம்மெட் எழுதிய இதழ் அது. எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் குறுநாவல் ஒன்றை எடுத்துக் கதைச்சுருக்கம் எழுதிக்கொண்டார். அச்சுருக்கத்தை மட்டும் வைத்து முழுக்கதையையும் தாமே எழுதினார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்தினார். வகுப்பறையில் மாணவருக்குக் கொடுக்கும் பயிற்சி இது. ஒரு நிறுவனத்தின் துணைத்தலைவராக இருந்தவர் 44 வயதில் அந்தப் பயிற்சிக்கு உட்கார்ந்தார்.

முதல் கதையை எழுத 5 மாதங்கள் ஆயின. 1933 டிசம்பரில் ‘பிளாக் மாஸ்க்’ அதை வெளியிட்டு 180 டாலர் கொடுத்தது. அடுத்த ஐந்து ஆண்டுகள் சிறுகதைகளும் குறுநாவல்களுமே எழுதினார். 1935, 1936 ஆண்டுகளில் வந்த தம் இரு கதைகளைப் பிணைத்து, விரித்து எழுதியதே ‘தி பிக் ஸ்லீப்’ (1939). முதல் நாவல் வந்தபோது அவருக்கு வயது 50.

அலுவலகம் கதைக்குள் வந்தது

எண்ணெய் நிறுவனத்தில் கழிந்த ஆண்டுகள் வீணானவையா? நாவல்களே விடை சொல்கின்றன. ‘தி பிக் ஸ்லீப்’ நாவலின் ஸ்டெர்ன்வுட் குடும்பம் எண்ணெயால் செல்வம் சேர்த்தது. இப்போது அவர்கள் குன்றின்மேல் மாளிகையில் வாழ்கிறார்கள். கீழே பழைய எண்ணெய்க் கிணறுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் அவற்றின் நாற்றம் மேலே எட்டுவதில்லை. காணாமல்போன மனிதனின் உடல் அந்தக் கிணற்றடிக் கழிவுக் குழியில்தான் கிடக்கிறது. நாவலின் அறச்சிக்கல் முழுவதும் இந்த ஓரிடத்தில் திரண்டிருக்கிறது. அந்த எண்ணெய் வயல்களின் கணக்கைப் பார்த்தவரின் பார்வை இது. டல்விச் மாணவரால் இதை எழுதியிருக்க முடியாது.

‘தி லேடி இன் த லேக்’ (1943) நாவலில் மார்லோவை அமர்த்துபவர் ஒரு நிறுவன மேலாளர். மனைவியைக் காணவில்லை. அந்தக் கவலையோடு, ஊர்ப்பேச்சு எழுந்தால் பதவி போய்விடும் என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. பதவியில் இருப்பவனின் பயத்தைச் சாண்ட்லர் கேலி செய்யவில்லை, அறிந்து எழுதுகிறார்.

மார்லோவும் வேலை போனவரே. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் மேலிடத்துக்குக் கீழ்ப்படியாததால் நீக்கப்பட்டவர். சாண்ட்லரின் வேலை குடியால் போனது, மார்லோவின் வேலை நேர்மையால் போனது. இது ஆசிரியர் தமக்குத் தாமே அளித்துக்கொண்ட சலுகை என்று வாசிக்க இடமுண்டு. ஆனால் மார்லோ பணத்தை நடத்தும் விதத்தில் அந்தச் சலுகை இல்லை. நாளுக்கு 25 டாலரும் செலவும் அவரது கூலி. வேலை திருப்தியாக முடியவில்லை என்றால் வாங்கிய தொகையைத் திருப்பித் தர முன்வருகிறார். ‘தி லாங் குட்பை’ (1953) நாவலில் நண்பர் அனுப்பிய 5,000 டாலர் நோட்டைச் செலவழிக்காமல் வைத்திருந்து இறுதியில் திருப்பிக் கொடுக்கிறார். கணக்கு நேராக வேண்டும் என்ற ஒழுக்கமே மார்லோவின் அறம்.

குடியைப் பற்றி அவர் மறைக்காமல் பேசியதும் அந்த நாவலில்தான். அதில் வரும் ரோஜர் வேட் நன்றாக விற்கும் எழுத்தாளர், குடியால் சிதைபவர். நீக்கப்பட்டு இருபது ஆண்டுகள் கழித்து, நோயுற்ற மனைவியைக் கவனித்துக்கொண்டே சாண்ட்லர் இதை எழுதினார்.

குறைகள்

சாண்ட்லரின் கதைப்பின்னலில் ஓட்டைகள் உண்டு. ‘தி பிக் ஸ்லீப்’ படமாக்கப்பட்டபோது காரோட்டியைக் கொன்றது யார் என்று கேட்டதற்கு அவருக்கே விடை தெரியவில்லை என்பது புகழ்பெற்ற செய்தி. சிறுகதைகளை ஒட்டி நாவலாக்கியதன் தையல் அங்கே தெரிகிறது. பெண் பாத்திரங்கள் பலர் ஆபத்தான அழகிகளாகவே வருகிறார்கள். ‘ஃபேர்வெல், மை லவ்லி’ (1940) நாவலின் தொடக்கத்தில் கறுப்பின மக்கள் சித்திரிக்கப்படும் முறை இன்று சங்கடம் தருவது. காலத்தைக் காரணம் காட்டி இவற்றைக் கடந்துவிட முடியாது.

மதிப்பீடு

துப்பறியும் கதையைப் புதிர் விடுவிப்பதிலிருந்து நகரத்தை, அதன் பணத்தை, அதிகாரத்தை விசாரிக்கும் வடிவமாக மாற்றியவர்களுள் சாண்ட்லர் முதன்மையானவர். ‘கொலையின் எளிய கலை’ என்று பொருள்படும் தலைப்பில் 1944-இல் எழுதிய கட்டுரையில் இதற்கான கொள்கையையும் வகுத்தார்.

வேலையை விட்டபின் எழுதலாம் என்று எண்ணுபவர்கள் அவரைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். வேலையை விடுவது மட்டும் எழுத்தைத் தருவதில்லை என்பதும் அவர் வாழ்க்கையில் இருக்கிறது. இளமையில் அவரிடம் மொழி இருந்தது, சொல்ல உலகம் இல்லை. நிறுவனம் உலகத்தைக் கொடுத்தது, மொழியை மறக்கடித்தது. இரண்டும் இணைந்தது, பிறர் கதையை எழுதி எழுதி அழித்துப் பார்த்த அந்த மாதங்களில்தான். பிந்தி வந்தவர் என்பதைவிட, மீண்டும் மாணவராக ஒப்புக்கொண்டவர் என்பதே சாண்ட்லருக்குப் பொருத்தமான அடையாளம்.