குல்லாய் கழற்றிய பலகை

ஓவியம் என்றால் மாளிகைச் சுவரில் மாட்டுவது, கலை என்றால் காட்சிக்கூடத்தில் காப்பது என்று எண்ணுவோர் இன்றும் உளர். வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, வழிச்செல்வோர்க்கு ஒரு நொடியில் சேதி சொல்லும் சாலைப் பலகையை அவர்கள் கலையென்று ஒப்புவதில்லை. நாம் ஒப்புகிறோம். ஒப்புவதோடு, கவிதையை எடைபோடுவதுபோல் அதனையும் எடைபோட விழைகிறோம்.

பிரிட்டனைப் பாருங்கள். பள்ளி அருகிலுள்ளது என எச்சரிக்க அங்கே முன்னர் நட்டிருந்த பலகையில் இருந்தது எது? குழந்தையா? அன்று, எரியும் தீப்பந்தம்! அறிவொளியின் சின்னமாம் அது! விரைந்து வரும் வண்டியோட்டி உவமைக்கு உரை காண்பானா, உயிரைக் காப்பானா?

பிள்ளைகளையே வரைந்த பலகையும் இருந்தது. குல்லாய் அணிந்த மாணவன் முன்னே நடப்பான். அவன் கைப்பற்றிச் சிறுமி பின்னே செல்வாள். குல்லாயோ, தேர்ந்தெடுத்த சிலரே பயிலும் பள்ளியை நினைவூட்டியது. தெருவைக் கடக்கும் பிள்ளைக்குத் தகுதிச் சின்னம் எதற்கு? வழிநடத்தும் உரிமை ஆணுக்கே எழுதிவைத்த சொத்தா?

1961-இல் அமைந்த வோர்பாய்ஸ் குழு, சாலைக் குறிகளனைத்தையும் ஆராய்ந்து 1963-இல் அறிக்கை தந்தது. அக்குழுவிற்காகக் குறிகளை வரைந்தவர்கள் ஜாக் கின்னீரும், அவரிடம் பயின்று இருபதுகளில் இருந்த மார்கரெட் கால்வெர்ட்டும் ஆவர். கால்வெர்ட் தீப்பந்தத்தை அணைத்தார், குல்லாயைக் கழற்றினார், சிறுமியை முன்னே நடக்க வைத்தார், சிறுவன் கையை அவளிடம் கொடுத்தார். தமது இளமைக்காலப் புகைப்படமே அச்சிறுமிக்கு மாதிரி. 1965 ஜனவரி முதல் நாள் புதிய குறிகள் நடைமுறைக்கு வந்தன. இன்றும் அச்சிறுமியே அங்கு வழிநடத்துகிறாள்.

குறையே இல்லையோ எனின், உண்டு. சாலைப்பணி நடப்பதைக் காட்டும் குறியில் மண்வெட்டி பிடித்தவன், விரியாத குடையோடு மல்லுக்கட்டுபவன்போல் தோன்றுகிறான். மக்கள் சிரித்தனர்; சிரித்தது சரியே. படம் பார்த்ததும் பொருள் தரல் வேண்டும். தராதவிடத்து வரைந்தவரின் புகழ் அதனைக் காக்காது.

ஆயினும் ஒன்று தெளிவு. ஒரு பலகை வழியை மட்டும் காட்டுவதில்லை. வரைந்தவர் மனத்தில் யார் முன்னே, யார் பின்னே என்பதையும் காட்டிவிடுகிறது. சட்டம் பேசாத வேற்றுமையைச் சித்திரம் பேசும். எவரும் எதிர்த்துக் கேளாமையால் அதுவே இயற்கையென நிலைத்துவிடும். ஆகவே தோழர்களே, எந்தப் பலகையைக் கண்டாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது யாருக்குப் புரியும்? இதில் யார் பின்னே நிற்கிறார்?