ஆல்டர்ட் ஸ்கேல்: அரைப்படி மேலே போனால் போதுமா?

ஜாஸ் கிட்டார் பாடங்களில் திரும்பத் திரும்ப வரும் சூத்திரம் ஒன்று உண்டு. ஜி7 கார்டு வந்தால் அரைப்படி மேலே போய் ஏ-பிளாட் மெலாடிக் மைனர் வாசி என்பது. கணக்கு சரிதான். அந்த ஏழு சுரங்களையும் ஜி-யிலிருந்து தொடங்கினால் ஜி ஆல்டர்ட் ஸ்கேல் வந்துவிடும். (ஏறுமுக மெலாடிக் மைனர் என்பது நம்ம கௌரிமனோகரியின் சுரங்களே. அதன் நிஷாதத்தை ஸட்ஜமாக்கினால் இது. பஞ்சமம் கிடையாது, காந்தாரம் ரெண்டு. அதனால் 72 மேளத்துக்குள் வராது.)

என் புகார் கணக்கின் மேல் இல்லை, விரல் படத்தின் மேல். படத்தில் ஏழு சுரமும் ஒரே அளவு புள்ளிகள். எது எங்கே போய் இறங்கணும் என்கிற தகவலே அதில் இல்லை. ஆனால் இந்த ஸ்கேலின் உயிரே அங்கேதான் இருக்கு. அடுத்து வரும் சி மேஜருக்கு ஏ-பிளாட் ஜி-யில் இறங்கும், எஃப் ஈ-யில் இறங்கும், டி-பிளாட் சி-யில் இறங்கும், ஈ-பிளாட் ஈ-க்கு ஏறும். எல்லாமே அரைப்படி தூரம். இறங்காமல் விட்டால் காதுக்கு வெறும் ஏ-பிளாட் மைனர்தான் கேட்கும்; ஜி7-ன் தவிப்பு கேட்காது.

நேரத்தையும் பாருங்க. நிமிஷத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் நாலு துடிப்பு ஜி7 ஓடுவது 1.2 விநாடி. அதற்குள் ஏழு சுரத்தையும் ஏறி இறங்கிக் காட்டுவது மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அஞ்சு சுரம் தாராளம். இரண்டாம் துடிப்பின் பின்பாதியில் தொடங்கி ஈ-பிளாட் (2-ஆம் தந்தி, 4-ஆம் ஃபிரெட்), டி-பிளாட், பி, பி-பிளாட் (மூணும் 3-ஆம் தந்தியில் 6, 4, 3), ஏ-பிளாட் (4-ஆம் தந்தி, 6). சி மேஜரின் முதல் துடிப்பில் அதே தந்தியின் 5-ல் ஜி. இதை மெதுவாப் பத்து தரம் வாசிச்சா, படம் சொல்லாதது காதில் விழும்.

பாட் மார்ட்டினோ எல்லா கார்டுகளையும் மைனராக மாற்றி யோசித்தவர். அவர் வழியிலும் இதே ஏ-பிளாட் மைனர் வரும். அவர் கொடுத்ததோ வெறும் புள்ளிகள் அல்ல, நீண்ட சொற்றொடர்கள். அதனால்தான் அது நிற்கிறது.

இன்னொன்றையும் பாடங்கள் அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. ஜி7 சி-க்குப் போகாமல் அங்கேயே தங்கினால் ஆல்டர்ட் பெரும்பாலும் பொருந்தாது. அப்போது டி மெலாடிக் மைனர் எடுங்க, ஜி-யிலிருந்து பார்த்தால் வாசஸ்பதி. விரல் வடிவம் அதேதான், ஆறு ஃபிரெட் மட்டும் தள்ளி.